அக்கா மகளுக்கு க்யூட் விண்ணப்பம் போட்ட அனுபவம்

அக்கா மகள் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப். வீட்டில் எல்லோரும் இன்ஜினியரிங் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கோ பொருளியல் படிக்க ஆசை, அதுவும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில். "சித்தி, அதுக்கு க்யூட் எழுதணுமாம்" என்று அவள் வந்து சொன்னபோது, அந்தப் பெயரைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பில் சேர எழுதும் பொது நுழைவுத்தேர்வு அது. 2025 தேர்வுக்கு அவளோடு உட்கார்ந்து விண்ணப்பம் போட்டு முடித்தேன். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். தேதிகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200க்கு கட்ஆஃப் போட்டு கவுன்சலிங் நடத்துகிறார்கள். அதனால் நுழைவுத்தேர்வு என்றாலே நமக்கு நீட்தான் நினைவுக்கு வருகிறது. என்ஐடி, ஐஐடி பக்கம் போகிறவர்களுக்கு ஜேஇஇ. க்யூட் 2022ல்தான் வந்தது. நீட், ஜேஇஇ மெயின், க்யூட் மூன்றையுமே தேசியத் தேர்வு முகமை நடத்தினாலும் விண்ணப்பிக்கும்போது க்யூட்டுக்கு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீட்டிலும் ஜேஇஇ முதல் தாளிலும் என்னென்ன பாடம் என்பதை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். க்யூட்டில் எந்தப் பாடங்களை எழுதப்போகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே நாம்தான் சொல்ல வேண்டும். அதிகபட்சம் ஐந்து. பாடத்துக்கு 50 கேள்வி, ஒரு மணி நேரம், சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தப்புக்கு ஒன்று குறையும்.

அந்த ஐந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எங்கள் நேரம் பெரும்பாலும் போனது. போகட்டும், அது வீணான நேரமில்லை. தெரிந்த பிள்ளைகள் பலர் தங்களுக்கு நன்றாக வரும் பாடங்களைக் குறித்துவிட்டு, மதிப்பெண் வந்த பிறகு எங்கே சேரலாம் என்று தேடியிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் இன்னின்ன பாடங்களை எழுதியிருக்க வேண்டும் என்று தனியாக விதி வைத்திருக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் வேண்டுமென்றால் ஒரு மொழி, கட்டாயமாகக் கணக்கு, மேலும் இரண்டு பாடம். அந்தப் பாடங்களும் பிளஸ் டூவில் படித்தவையாக இருக்க வேண்டும். கணக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் படிப்பு கிடைக்காது.

ஆகவே விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கும் முன்பே ஒரு நோட்டை எடுத்து, அவள் விரும்பும் பல்கலைக்கழகங்களை ஒரு பக்கமும் அவை கேட்கும் பாடங்களை மறுபக்கமும் எழுதச் சொன்னேன். டெல்லி, புதுச்சேரி, திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், இன்னும் சில. ஒவ்வொன்றின் தளத்திலும் போய் அவளே படித்து எழுதினாள். எல்லாப் பட்டியலிலும் பொதுவாக வந்த பாடங்களுக்கு முதலிடம். கணக்கு, இயற்பியல், வேதியியல் உறுதியாயின. சில இடங்களில் கேட்டதால் பொதுத் திறனறித் தேர்வையும் சேர்த்தோம். மிச்சம் ஒரே இடம், அதில் எந்த மொழி? அவளுக்குத் தமிழ்த் தாள் எழுத ஆசை. டெல்லியின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, அங்கே தடையில்லை. ஆனால் அவள் நோட்டில் இருந்த வேறொரு படிப்பு ஆங்கிலத்தையே கேட்டது. கொஞ்சம் மனசில்லாமல்தான் ஆங்கிலத்தைக் குறித்தாள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் தெரிந்தே எடுத்த முடிவு அது.

இதோடு சேர்த்து இன்னொன்று. விண்ணப்பத்தில் மொழி இரண்டு இடத்தில் வரும். வினாத்தாள் எந்த மொழியில் வேண்டும் என்பது ஒன்று, மொழிப்பாடமாக எதை எழுதுகிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் வினாத்தாளைத் தமிழில் கேட்கலாம், க்யூட் 13 மொழிகளில் நடக்கிறது. இந்த இடத்தில் நிதானமாகப் படித்துக் குறியுங்கள்.

பாடம் முடிவான பிறகு சான்றிதழ்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதல் சிக்கலே இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இவளுக்கும் அதே கதை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுபோல்தான் விண்ணப்பத்தில் பெயர் போட வேண்டும் என்பதால் விண்ணப்பம் திறப்பதற்கு வெகு முன்பே ஆதாரைத் திருத்தக் கொடுத்துவிட்டோம். பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே இதை முடித்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்பது பெரிய அவதி.

அடுத்தது சாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகங்களில் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ், அதாவது இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர்களுக்கானது, தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் வழங்குவார். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அதைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. இது தெரியாமலேயே பல குடும்பங்கள் "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுகின்றன, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. சேர்க்கை நேரத்தில் அந்த நிதியாண்டுச் சான்றிதழையே கேட்பார்கள் என்பதால், ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்து வாங்கினோம்.

விண்ணப்பம் மார்ச்சில் திறந்தது. பிளஸ் டூ பொதுத்தேர்வும் அதே மார்ச்சில்தான். பிள்ளை ஒரு பக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் இதையும் அவள் தலையில் கட்ட முடியாது. பாடமும் சான்றிதழும் முன்பே தயாராக இருந்ததால், நான் நிரப்பினேன், அவள் பரீட்சைக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் வந்து ஒருமுறை சரிபார்த்தாள். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், காது இரண்டும் தெரிய எடுத்தது. கையெழுத்து வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் போட்டு ஸ்கேன் செய்தது. இரண்டையும் அவர்கள் சொல்லும் கோப்பு அளவுக்குள் சுருக்கி வைத்துக்கொண்டால் பதிவேற்றுவதில் தொல்லை இல்லை. கட்டணம் பாடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மூன்று பாடம் வரை ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி. பணம் கட்டிய பிறகு உறுதிப்படுத்தும் பக்கம் வந்ததா என்று பார்த்து, அதைப் பதிவிறக்கி வையுங்கள். அது வந்தால்தான் விண்ணப்பம் முடிந்ததாக அர்த்தம்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் போடுவது தப்பில்லை, ஆனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓடிபி, ஹால் டிக்கெட் தகவல், தேர்வு நகரம் எல்லாம் அதற்குத்தான் வரும். திருத்தம் செய்ய அவகாசம் கொடுக்கும்போதுகூட மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்ற விடுவதில்லை. கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட் எடுக்க அவர் பின்னால் அலைந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் வீட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டியவை.

தேர்வு மே நடுவில் தொடங்கி ஜூன் வரை பல ஷிப்டுகளாக நடந்தது. எந்த ஊர் என்ற தகவல் முதலில் வரும், ஹால் டிக்கெட் பிறகு வரும். தேர்வு கணினியில்தான். பிள்ளைகளை மாதிரித் தேர்வில் மவுஸ் பிடித்துப் பழக்கிவிட்டால் போதும்.

அப்பாடா முடிந்தது என்று உட்கார முடியவில்லை. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் இருப்பதுபோல் க்யூட்டுக்குப் பொதுவான கவுன்சலிங் இல்லை. முகமை மதிப்பெண்ணைக் கொடுப்பதோடு சரி, சேர்க்கை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் தனி. அந்த ஆண்டு க்யூட் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வந்தது, டெல்லிப் பல்கலைக்கழகமோ ஜூனிலேயே பதிவைத் திறந்துவிட்டது. மதிப்பெண் வரட்டும் என்று காத்திராமல், நோட்டில் எழுதிய ஒவ்வொரு தளத்தையும் அவளைத் தினமும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். எந்தப் பதிவும் விட்டுப்போகவில்லை. பொருளியலில் இடமும் கிடைத்தது.