ஐந்து துண்டுகளாக ஒரு நாட்காட்டி

பல மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இரண்டு பொறுப்புகள் என் தலையில் விழுந்தன. வாரம் இரண்டு பாடவேளை 'சேர்ந்து வாழ்தல்' வகுப்பு ஒன்று. பள்ளியின் ஆண்டு நாட்காட்டியைத் தயாரிப்பது இன்னொன்று. வகுப்புதான் பெரிய வேலை, நாட்காட்டி வெறும் எழுத்தர் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன" என்று முதல் வகுப்பைத் தொடங்கினேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். பத்து நிமிடத்தில் பின்வரிசை கொட்டாவி விட ஆரம்பித்தது. சரி, அவர்களையே பேசவைப்போம் என்று, வகுப்பில் இருந்த ஒரே சீக்கிய மாணவியை எழுப்பினேன். "உங்கள் மதத்தில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?"

பதினொரு வயதுப் பெண். எழுந்து நின்று தரையைப் பார்த்தாள். "தெரியவில்லை டீச்சர். பாட்டியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்." முப்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. அதுவரை அந்த வகுப்பில் அவள் கணக்கில் கெட்டிக்காரி, அவ்வளவுதான். ஒரே கேள்வியில் அவளை ஒரு மதத்தின் தூதராக்கி நிறுத்திவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன்: யாரும் "எங்கள் மதத்தில்" என்று தொடங்க வேண்டாம், "எங்கள் வீட்டில்" என்று தொடங்கலாம். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பிள்ளைகளுக்கு வருவதில்லை.

இடையில் ஒரு தந்தை வந்தார். வழிபாட்டிடங்களுக்கு அழைத்துப்போய் என் மகனை மாற்றிவிடுவீர்களா என்பது அவர் கேள்வி. கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் தெரிந்தது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை எடுத்துக்காட்டினேன். அதன் 14ஆம் பிரிவு குழந்தையின் மதச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சொல்கிறது; 29ஆம் பிரிவு, எல்லா மதக் குழுக்களுடனும் புரிதலோடும் நட்போடும் வாழக் கல்வி தயார்செய்ய வேண்டும் என்கிறது. அவரைச் சமாதானப்படுத்தியது உடன்படிக்கை அல்ல, எங்கள் அனுமதிப் படிவம்தான். 'மாணவர்கள் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள்; வழிபாட்டில் பங்கேற்கமாட்டார்கள்' என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். படிக்காமலே கையெழுத்திட்ட பெற்றோர்களைவிட அவரை எனக்குப் பிடித்திருந்தது.

இதற்குள் நாட்காட்டி காலை வாரிவிட்டது. முந்தைய ஆண்டின் தேதிகளைப் பார்த்து எழுதி ஒட்டியிருந்தேன். விளையாட்டு விழா நோன்பு மாதத்தில் விழுந்திருந்தது, அதுவும் யூதப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாளான சனிக்கிழமையில். பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கைப் பின்பற்றும் திருச்சபையைச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்குப் புனித வெள்ளியன்று அறிவியல் தேர்வு. மற்றவர்களுடைய புனித வெள்ளிக்கு நான் விடுமுறை விட்டிருந்தேன். அவனுடையது வேறு நாளில் வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது பூசல் மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாரும் பாடத்தை முடிக்க முடியாது.

நாட்காட்டியைத் திருத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டு, அதே முறையில் ஐந்து துண்டாக்கி, ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு, ஈஸ்டர், யூத ஆண்டு, இந்துப் பஞ்சாங்கத்தில் கூடுதலாகச் சேர்க்கப்படும் அதிக மாதம், ஐந்தாவதாக நிலவின் கலைகள். அவரவர் வீட்டுத் துண்டு அவரவருக்குக் கிடையாது. "எங்கள் வீட்டில் மதமே கிடையாது, எனக்கு எது?" என்று கேட்ட பையனுக்கு நிலவைக் கொடுத்தேன். அவன் குழுவில் அவனிடம் கேட்காமல் ஒருவருக்கும் வேலை நகரவில்லை. பிறைக்குப் பிறை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்று அவன் சொல்ல, பன்னிரண்டால் பெருக்கி 354 என்று ஹிஜ்ரித் துண்டுக்காரி துள்ளினாள். நோன்பு ஏன் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது என்பது விளங்கிவிட்டது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் யூதக் கணக்கில் 19 ஆண்டுக்கு ஏழு மாதம் கூடுகிறது என்றான் மற்றொருவன். அதிக மாதத்துக்காரன், "அட, இதேதான் இங்கேயும்!" என்றான்.

ஈஸ்டர் துண்டு அந்தக் கணக்குக்காரியிடம். மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு என்று கரும்பலகையில் விளக்கினாள். இரண்டு ஈஸ்டர் ஏன் என்று கேட்டவனுக்கு, பழைய ஜூலியன் கணக்கையும் இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கையும் எழுதிக் காட்டினாள். முப்பது தலைகள் மீண்டும் அவள் பக்கம். இம்முறை அவள் தரையைப் பார்க்கவில்லை.

ஒரு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் "நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம்" என்று பேசியவர்கள், "நாம் வியாழக்கிழமைக்கு மாற்றினால் என்ன?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம், சண்டைதான். ஒரு பையன் அழுதுவிட்டான். எவ்வளவு புரட்டியும் ஒரு வாரத்தை மட்டும் யாருக்கும் நோகாமல் அமைக்க முடியவில்லை. அந்த வாரத்துத் தேர்வை இரண்டு நாட்களில் நடத்துவது, மாணவர்கள் ஒரு நாளைத் தேர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. எனக்கு இரண்டு வினாத்தாள் தயாரிக்கும் வேலை.

பிறை தெரிவதைப் பொறுத்தது என்பதால் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் காலியாக விட்டிருந்தார்கள். அது இரண்டாவது நாளில்தான் வந்தது. விளையாட்டு விழா வியாழனுக்கு நகர்ந்தது. சனிக்கிழமை மைதானத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த விளையாட்டு ஆசிரியர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.