பைஞ்ஞீலிக்குக் கொண்டுபோன பொதிசோறு

நாத்தனாருக்கு வரன் தட்டிக்கொண்டே போன காலத்தில் என் மாமியார் வேண்டிக்கொண்டது இரண்டு. பெண்ணைத் திருச்சிக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பைஞ்ஞீலி சிவன் கோயிலுக்கு அழைத்துப்போய், கல்யாணத் தடை நீங்க அங்கிருக்கும் கல்வாழைக்குப் பரிகாரம் செய்வது ஒன்று. அது அப்போதே ஆயிற்று. மற்றொன்று, அதே கோயிலில் அப்பருக்குச் சோறு கொடுத்த சோற்றுடை ஈஸ்வரரிடம். அதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, வீடு அடங்கிய பிறகு ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

"சோத்துடை ஈஸ்வரர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். என் கையால பொதிசோறு கட்டிக்கிட்டு வந்து, அங்க வர்ற வழிப்போக்கருக்கெல்லாம் குடுக்கிறேன்னு. முன்னப்பின்னத் தெரியாதவங்களுக்குத்தான். சொந்தக்காரங்களுக்குப் போடறது இந்தக் கணக்குல வராது."

கோயில் அன்னதானத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிவிடலாம், முட்டிவலியோடு ஏன் சிரமம் என்றார் என் கணவர். அத்தை மசியவில்லை. "நான் சொன்னது பணம் கட்டறேன்னா, சோறு கட்டறேன்னா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அப்பர் பெருமானுக்கு ஈசன் சோறு கொடுத்த விழா அங்கே சித்திரை அவிட்டத்தில். அன்றைக்கு நிற்கும் கூட்டத்தில் அத்தையால் நிற்க முடியாது என்பதால் அதே சித்திரையில் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எங்கள் கரூர் வீட்டில் அடுப்பு எரிந்தது. புளிச்சோறு ஒரு அண்டா, தயிர்ச்சோறு ஒரு அண்டா. தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடக் கூடாதென்று பால் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விட்டார். இலையைத் தணலில் வாட்டி, சோற்றை வைத்து, நாரால் கட்டிக் கட்டி அடுக்கினார். நாங்கள் கட்டின பொட்டலம் நாலில் ஒன்று அவிழ்ந்தது. அவர் கட்டினது ஒன்றுகூட அவிழவில்லை. ஓயாமல் உட்காராமல் கட்டினார், வாய் மட்டும் "நமசிவாய" என்றபடி.

திருச்சி தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து, நம்பர் 1 டோல்கேட்டில் திரும்பினோம். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளைப் பார்த்ததும் அத்தை கும்பிட்டார். எங்கள் வீட்டில் அன்று வெந்ததும் மண்ணச்சநல்லூர்ப் பொன்னிதான். அந்த ஊரைத் தாண்டிச் சற்று தூரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் டயரைக் கழற்றிக்கொண்டு, வந்த வழியே ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். சித்திரை வெயில். தார் ரோடு கொதிக்கிறது. அத்தைக்கு முட்டி மடங்கவில்லை. சோறு கெட்டுவிடுமோ, உச்சிக்கு நடை சாத்திவிடுவார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டுவீடு ஒன்று. அங்கிருந்து ஒரு அம்மா, கையில் சொம்போடு வேகமாக வந்தார். "மொதல்ல தண்ணியக் குடிங்க. பெரியவங்களுக்கு மொகமே வாடிப்போச்சு பாருங்க" என்றார். அத்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேம்படி நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். மோர் வந்தது, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு. அத்தை குடித்து முடித்துப் பெருமூச்சு விட்ட பிறகுதான், "எந்த ஊருங்க? கோயிலுக்கா?" என்று கேட்டார்.

"இந்த வெயில்ல நின்னுட்டீங்க, கை நனைக்காம போகக்கூடாது" என்று உள்ளே இலை போடவும் கிளம்பிவிட்டார். வேண்டுதல் முடியும்வரை அத்தை பல்லில் ஒன்றும் படாமல் இருக்கிறார், மோரே அதிகம் என்று சொல்லிப் புரியவைத்தோம். "அப்ப திரும்பும்போது எறங்கணும். உலை வச்சுக் காத்துக்கிட்டிருப்பேன்" என்றார். அதற்குள் டயர் வந்தது.

கோயில் வாசலைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். முடியவில்லை. வண்டியின் கதவைத் திறப்பதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பரிகாரத் தட்டு, மாலை, மஞ்சள் கயிறு, சீக்கிரம் முடித்துத் தருகிறேன், வரிசை வேண்டாம். நாங்கள் பரிகாரத்துக்கு வரவில்லை என்று சொன்னாலும் விடவில்லை. அதில் ஒருவர், "அப்ப எதுக்கும்மா இங்க வந்தீங்க, வேடிக்கை பார்க்கவா?" என்று அத்தையிடமே எரிந்து விழுந்தார். கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று நொந்துபோய் வருகிற பிள்ளைகளிடம், தாய் தகப்பனிடம், இப்படியா காசு பிடுங்குவது? கல்வாழைக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் மூச்சுவிட இடமில்லை. போன தடவை அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தானே நாங்கள். எந்த முகத்தைப் பார்த்தாலும் என் நாத்தனாரின் முகமாகத் தெரிந்தது. எல்லாருக்கும் கூடிவரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ராவணன் வாசல் வழியாக ஒன்பது படியையும் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். ஞீலிவனநாதர் தரிசனம் நொடியில் முடிந்துவிட்டது. பின்னால் நெரித்தார்கள். விசாலாட்சி அம்மன், எமன் சன்னதி எல்லாம் ஓட்டமும் நடையுமாக. ஆனால் சோற்றுடை ஈஸ்வரர் முன்னால் நாங்கள் போய் நின்றபோது அங்கே ஆளே இல்லை. அத்தனை கூட்டமும் வாழையடியில் நிற்கிறது. சோறு போட்ட சாமி தனியாக இருக்கிறார்.

அத்தை ஒரு பொட்டலத்தைச் சன்னதி முன் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான சேக்கிழார் வாக்கைச் சொன்னார். "மிகவும் வழிவந்து இளைத்திருந்தீர்." அதற்கு மேல் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. நானும் அழுதேன்.

அப்பர் என்கிற நாவுக்கரசர் பசியிலும் தாகத்திலும் நடந்து வருகிறார். வழியிலே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, திருநீறு பூசிய அந்தணராகப் பொதிசோற்றோடு காத்திருக்கிறார் ஈசன். பிரமனும் திருமாலும் தேடிக் காணாதவர், வழியில் வருகிறவருக்காக முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறார்! அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு எது? நீ யார் என்றா, எந்த ஊர் என்றா? வெகுதூரம் நடந்து இளைத்திருக்கிறீர், என்னிடம் பொதிசோறு இருக்கிறது, இதை உண்டு இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் களைப்பு நீங்கிப் போங்கள் என்கிறார். அப்பர் உண்டு, தண்ணீர் குடித்து, அயர்வு தீர்ந்த பிறகுதான் "அப்பால் எங்கு நீர் போவது?" என்று கேட்கிறார். பைஞ்ஞீலிக்கு என்றதும் நானும் அங்கேதான் போகிறேன் என்று கூடவே நடக்கிறார். ஊரை நெருங்கியதும் மறைகிறார். அப்பர் விழுந்து அழுகிறார்.

இந்தக் கதை எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்குச் சன்னதியில் நின்றபோதுதான் உடம்பு சிலிர்த்தது. தோட்டத்து வீட்டு அம்மாவும் அப்படித்தானே. சொம்பு முதலில் வந்தது, ஊர் பேர் பிறகு வந்தது. முகம் வாடிப்போச்சு என்றாரே, இளைத்திருந்தீர் என்பதைத்தானே அவர் பேச்சில் சொன்னார்! அதே மண்ணில், அதே பைஞ்ஞீலி வழியில். யார் வந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "எனக்குத் தெரியும்டி. மோர் குடிக்கும்போதே தெரியும்" என்றார்.

வெளியே வந்து நிழல் பார்த்து உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. தனியாக வந்திருந்த ஒரு பையன், கழுத்தில் பரிகார மாலையோடு, தயங்கித் தயங்கி வந்து "எவ்வளவும்மா?" என்று கேட்டான். வாசலில் பட்ட பாடு அவனுக்கு. "காசுக்கில்ல தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிடுங்க" என்று அத்தை அவன் கையில் இரண்டு பொட்டலத்தை வைத்தார். அவன் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அப்புறம் பூ விற்கிற பெண்கள், ஒரு கைக்குழந்தைக்காரி, எங்கிருந்தோ நடந்தே வந்த ஒரு வயதான தம்பதி என்று வரிசை வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் அத்தை, "அமுது செய்யணும்" என்று கும்பிட்டுத்தான் கொடுத்தார். வாங்கிக்கோ, எடுத்துக்கோ என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

வாசலில் எரிந்து விழுந்தாரே, அவரும் வந்து நின்றார். எனக்குக் கை எழவில்லை. அத்தை புளிச்சோறும் தயிர்ச்சோறுமாக எடுத்து நீட்டினார், அதே கும்பிடோடு. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போனார். நான் ஏதோ முணுமுணுத்தேன் போலிருக்கிறது. "வந்தவன் யாருன்னு பார்த்தா சோறு போடறது? பசியோட வந்தான், அவ்வளவுதான்" என்றார் அத்தை.

திங்களூரில் அப்பூதியடிகள் முகம் தெரியாத நாவுக்கரசரின் பேரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சுந்தரருக்காகக் கச்சூரில் நடுப்பகலில் வீடு வீடாக ஓடேந்திச் சோறு இரந்து வந்தார் ஈசன், குருகாவூர் வழியில் பந்தலே போட்டுக் கட்டமுது கொடுத்தார். நம் சாமி நெடுகச் சோறு போட்ட சாமி. எத்தனை சன்னதியில் எதையெதையோ கேட்கிறோம். வழியில் வருகிறவர் வாடிய முகம் நம் கண்ணில் பட வேண்டும் என்று கேட்க எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. கேட்டேன். கேட்க வைத்தாரே, அதற்கே காலமெல்லாம் கும்பிட வேண்டும்.

திரும்பும்போது இறங்கினோம். உலை கொதித்து, கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் தயாராக இருந்தன. அத்தை தனியாக எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரசாதமாகக் கொடுக்க, அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வைத்தார். பணம் என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. பேச்சுக்கிடையில் தெரிந்தது, அவர் மகனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், அமையவில்லையாம். அத்தை அங்கேயே கோயில் இருக்கும் திசை பார்த்து எழுந்து நின்று, "இந்தப் பிள்ளைக்குக் கூடிவந்தா மறுபடியும் சோறு கட்டிக்கிட்டு வர்றேன்" என்று வேண்டிக்கொண்டார்.

நாத்தனார் இப்போது மாசமாக இருக்கிறாள். அடுத்த சித்திரைக்குக் கைக்குழந்தையோடு முதலில் அந்தத் தோட்டத்து வீடு, அப்புறம்தான் கோயில் என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார். வாழைநாரை ஊறவைத்துப் பதப்படுத்த எனக்கும் கற்றுத் தருகிறார். ஞீலிவனநாதா, விசாலாட்சி தாயே, அத்தையின் முட்டிக்கு மட்டும் கொஞ்சம் பலம் கொடுங்கள். கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.