தொப்பூர் இறக்கத்தில் ஒரு சென்டிமீட்டர்

பையனுக்கு நாலு வயசு. பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்தின் மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டான். (இந்தப் பாட்டில் பழக்கம் ஒழிந்தால் எனக்குப் பாதி நைட் டியூட்டி மிச்சம்.) தருமபுரியில் நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனைக்கு வரும்போதே வாயில் நுரை, கண்பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. விஷமுறிவு மருந்தான அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போனோம். நெஞ்சில் கரகரப்பு குறைந்தது. ஆனால் மூச்சுத் தசைகள் சோர்ந்துகொண்டே வந்தன. எங்களிடம் வென்டிலேட்டர் காலியில்லை. சேலம் போயாக வேண்டும்.

"போற வழியில பாத்துக்கலாம் மேடம், ஒரு மணி நேரந்தான்" என்றார் டிரைவர் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு நாக்கு பெரிது, குரல்வளை மேலே தள்ளி இருக்கும், மூச்சு நின்றால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதை ஓடுகிற வண்டியில் செய்ய எனக்குத் தைரியமில்லை. டியூப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவானது.

டியூப் போடுமுன் தசைகளைத் தளர்த்த, சிஸ்டர் பழக்கத்தில் சக்சினைல்கோலினை எடுத்தார், தடுத்தேன். அதைச் சிதைக்கும் நொதியைத்தான் இந்த விஷம் முடக்கியிருக்கும், தசைகள் மணிக்கணக்கில் எழாது. மயக்கத்துக்குக் கெட்டமினும், தசை தளர ரோகுரோனியமும் கொடுத்தோம்.

தொண்டைக்குள் பார்க்க, பிளேடு நுனியில் கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பை உள்ளே விட்டால் திரை முழுக்க வெள்ளை. கேமரா மேலேயே எச்சில். வெளியே எடுத்து, பேக்கால் மூச்சு கொடுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) மறுபடி 98 வந்த பிறகு, இம்முறை எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷனை முன்னால் விட்டு பிளேடைப் பின்னால் விட்டேன். குரல்நாண்கள் தெரிந்தன. பழைய கருவியில் பார்ப்பது நான் மட்டும்; சிஸ்டர் கழுத்தை அழுத்துவது குருட்டாம்போக்குதான். இங்கே அவரும் திரையைப் பார்த்து, நான் சொல்லுமுன்பே குரல்வளையைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினார். ஆனாலும் தெரிகிறதே என்று டியூப் போய்விடவில்லை, இரண்டு முறை முட்டி நின்றது. உள்கம்பியை பிளேடின் வளைவுக்கே வளைத்த பிறகுதான் நுழைந்தது. 4.5 அளவு, கஃப் (காற்று கசியாமல் அடைக்கும் சிறு பை) உள்ளது, உதட்டில் 14 சென்டிமீட்டர் குறி. மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை ஏறியது, டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது. அப்போதுதான் என் கை நடுங்குவதைக் கவனித்தேன்.

தொப்பூர் இறக்கத்தில், முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்க, 97 இருந்த சாச்சுரேஷன் 88க்கு வந்தது. அலை இருக்கிறது, ஆகவே டியூப் வெளியே வரவில்லை. சக்‌ஷன் குழாய் தடையில்லாமல் போகிறது. சிலிண்டர் நிறைய இருக்கிறது. இடது நெஞ்சு மட்டும் எழவில்லை. ஆனால் பிளாஸ்திரி நகராமல் அதே 14இல்!

"அண்ணே, எங்கயாச்சும் ஓரங்கட்டுங்க."

வெயிலில் திரை தெரியவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தேன். டியூபின் கருங்கோடு குரல்நாணைத் தாண்டிக் கீழே போயிருந்தது. பிரேக் போட்டுப் போட்டு உடம்பு கீழே சரிந்து, தாடை நெஞ்சில் படிந்திருக்கிறது. தலை குனிந்தால் டியூப் முனை ஆழமாக இறங்கும். வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். தலையை நேராக்கினேன். திரையில் அந்தக் கோடு மேலே ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கொஞ்ச நேரத்தில் 96. தலையின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தோம்.

சேலத்தில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது, முன்சீட்டில் இருந்த அம்மா கேட்டார்: "டாக்டரம்மா, அந்தக் குட்டி டிவியில தெரிஞ்சது எம்புள்ள தொண்டையா?"

ஆறாம் நாள் டியூபை எடுத்துவிட்டதாக போன் வந்தது. இப்போதெல்லாம் ரெஃபரல் சீட்டில் "உதட்டில் 14" என்பதற்குப் பக்கத்திலேயே "தலை நேராக" என்றும் எழுதிவிடுகிறேன்.