வாரநாளில் ஆபீஸ், ஞாயிறு செட்டிப்பாளையம்: பழைய ஸ்விஃப்ட் நாட்குறிப்பு

செப்டம்பர் 6, 2025, சனி

கோவையில் தினமும் ஆபீஸுக்கு ஓட வேண்டும். சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் டிராக் டே வரும் ஞாயிறுகளில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் பவரைப் பற்றிப் பிறகு பேசலாம். திங்கட்கிழமை காலை வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், உடைந்த பார்ட் அன்று சாயங்காலத்துக்குள் கடையில் கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டாலே ஆசைப்பட்ட வண்டிகளில் பாதி கழிந்துவிடும்.

மொத்தம் 4 லட்சம். வண்டிக்கு 1.8 லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் செலவுக்கு 30 ஆயிரம். பழைய ஓனர் தள்ளிப்போட்ட வேலைகளுக்கு 80 ஆயிரம், டயருக்கு 30, பிரேக்குக்கு 20, ஹெல்மெட் முதலான பாதுகாப்புச் சாமானுக்கு 40, கை இருப்பு 20. இப்படிப் பிரிக்காமல் மூன்றரை லட்சத்தை வண்டியிலேயே கொட்டுகிறவர்கள் ஷெட்டில் நிற்கும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2000 முதல் 2003 வரை வந்தது. 106 குதிரைத்திறன், மேல் ஆர்.பி.எம்.மில் அந்த எஞ்சின் பாடுவதற்கு இணை இந்த விலையில் கிடையாது. ஆனால் நல்ல வண்டிகளை வைத்திருப்பவர்கள் விற்பதில்லை. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே கை வைத்தவை. வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்தால் மெயின் ரிலேயின் உள்ளே சோல்டர் விட்டிருக்கும். ஓடும்போது திடீரென்று அணைந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான், ஆனால் ஆபீஸ் நேரத்தில் அல்ல.

ஃபோர்டு ஐகான் 1.6 ஓட்ட அருமை. 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததற்குப் பிறகு, பாடி பார்ட்டுக்கு அலைய மனம் இருந்தால் மட்டும் வாங்கலாம். போலோ ஜிடி டிஎஸ்ஐ பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பழைய 1.2 மாடலில் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதைச் சூட்டில் வதைத்தால் வரும் பில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் விலைக்கு வரும்.

எஸ்டீம் எடை குறைவு, 16 வால்வு மாடல் 85 குதிரைத்திறன், தேசியப் பந்தயங்களில் ஜூனியர் டூரிங் பிரிவின் முதுகெலும்பாக இருந்த வண்டி. டிராக்குக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்டீம் என்பேன். அவிநாசி சாலையில் தினமும் லாரிகளுக்கு நடுவே ஓட்ட அந்தக் காலத்து மெல்லிய பாடி போதாது.

முடிவு: 2005-க்கும் 2010-க்கும் இடையில் வந்த ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல். 1298 சி.சி., 87 குதிரைத்திறன், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே நல்ல அகலம், இறுக்கமான பாடி. எஞ்சினின் பெயர் ஜி13பிபி; மாருதியின் எஸ்டீம், வெர்ஸா, ஜிப்ஸி எல்லாவற்றிலும் ஓடிய அதே குடும்பம். ஜிப்ஸியை ராணுவத்துக்காகப் பல வருடம் தயாரித்ததால் இந்த எஞ்சின் தெரியாத மெக்கானிக் கிடையாது. பார்ட் கோவையில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள மாடலாகப் பார்க்க வேண்டும். சிஎன்ஜி, எல்பிஜி போட்டுக் கழற்றிய வண்டி வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

முதல் வண்டி. சென்னைப் பதிவு, பளபளவென்று பெயின்ட், ஓடியது 62 ஆயிரம் என்று மீட்டர் சொல்கிறது. டிரைவர் சீட் பெல்ட்டை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுத்தால், ரீலுக்குள் சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழத்தில் மண் நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை. சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரிங் கனெக்டரில் வண்டல். வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னைப் பதிவு என்றாலே 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சீட்டையும் கார்பெட்டையும் கழுவிவிடலாம். பெல்ட் ரீலைக் கழற்றிக் கழுவ யாருக்கும் பொறுமை இல்லை. விலை எவ்வளவு இறங்கினாலும் தொடக் கூடாது. ஏபிஎஸ் கனெக்டரில் பச்சை பூத்தால் பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் அது தெரியும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது, 2008 மாடல். பெயின்ட் மங்கல், பம்பரில் கீறல், சீட் துணி கிழிசல். அதனால்தான் நம்பிக்கை வந்தது. மாற்றி எதையும் மாட்டவில்லை. ஏர் ஃபில்டர் பாக்ஸ், சைலன்ஸர் எல்லாம் கம்பெனி சாமான்.

பார்த்த வரிசை: பானட்டைத் திறந்து, எஞ்சின் அறையின் பக்கச் சுவர்களான இரண்டு ஏப்ரனிலும் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டங்கள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பட்டி பூசிய இடத்தில் அந்தக் குழிகள் மறைந்துபோகும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனையைச் சுற்றிப் பெயின்ட் வெடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் சுருக்கம், கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டில் துரு. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். வளைந்த பாடியை நேராக்கினாலும் வளைவில் அது நேராக ஓடாது.

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானி மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி 5 வினாடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் பார்த்தால் காற்று உள்ளே வராமல் எல்லாமே குறைவாகக் காட்டும். இந்த வண்டியில் 180, 178, 182, 176 பிஎஸ்ஐ. நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஏதாவது ஒன்று 20, 25 குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க வேண்டும். சில நிமிடம் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இதில் பிடுங்கித்தான் இருந்தது. வெயில் ஊர் என்று சொல்லி நம் ஊரில் இதைக் கழற்றுவது பழக்கமாகிவிட்டது. எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதிக பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், சிலிண்டர் சுவரில் ஆயில் கழுவப்பட்டு ரிங் தேயும். ஓவர்ஹீட்டை மறைக்கத்தான் கழற்றினார்களா என்று பார்க்க, ஏசி போட்டு 2500 ஆர்.பி.எம்.மில் 15 நிமிடம் நிறுத்தியதில் முள் நடுவைத் தாண்டவில்லை. 1.65 லட்சத்துக்குப் பேசி முடிந்தது.

செப்டம்பர் 20, சனி

காகித வேலை. 15 வருடம் தாண்டிய வண்டி, எனவே ஆர்.சி. ஏற்கெனவே 5 வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இதில் 2028 வரை இருக்கிறது. 20 வருடம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணம் ஏறிவிட்டது. 2005, 2006 மாடல் மலிவாக வந்தால் இதையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படிக்க வேண்டும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் தெளிவாக இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க நம்முடையது. 1.8 லட்சத்துக்கு மேல் வண்டியில் போடக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்: மொத்தமாகப் போனாலும் குடும்பம் ஆடிப்போகாத தொகையாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க அடிப்படை வேலை. டைமிங் பெல்ட், டென்ஷனர், கூடவே கேம், கிராங்க் முன்பக்க ஆயில் சீல். பெல்ட்டில் ஆயில் பட்டால் புது பெல்ட்டும் நிற்காது. புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை மறக்கக் கூடாது. 2008-ல் வந்த ரப்பர் ஹோஸ்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்க் முதல் ஃபில்டர் வரையும், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் வரையும் உள்ள ரப்பர் துண்டுகளை எத்தனால் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் உள்ளுறை கொண்ட ஹோஸாக மாற்றியாயிற்று. எத்தனால் டேங்கின் பழைய படிவுகளைக் கரைத்துக்கொண்டு வரும், ஆகவே ஃப்யூயல் ஃபில்டரை இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் மறுபடி மாற்ற வேண்டும்.

அக்டோபர் 4, சனி

பிரேக். இங்கேதான் நிதானம் வேண்டும். ஆளோடு சேர்த்து 1100 கிலோ வண்டியை 130 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் கொண்டுவரும்போது பிரேக் விழுங்குவது சுமார் 560 கிலோஜூல். 1.7 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம், நாலைந்து வினாடியில், பெரும்பகுதி முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளுக்கு. அடுத்த வளைவில் மறுபடி அதே.

பெடல் இரண்டு விதமாக நம்மைக் கைவிடும். பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பெடல் பஞ்சாகத் தரை வரை போனால் ஃப்ளூயிட் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. டாட் என்பது பிரேக் ஃப்ளூயிட்டின் தர எண். புது டாட் 3 கொதிப்பது குறைந்தபட்சம் 205 டிகிரி, டாட் 4 230. ஈரம் இழுத்த பிறகு டாட் 3 140, டாட் 4 155. பழைய ஃப்ளூயிட்டோடு டிராக்குக்குப் போகவே கூடாது என்பதற்கு இந்த எண்கள் போதும். டாட் 4 புதுக் கேன் ஒரு லிட்டர், நான்கு வீலிலும் தெளிந்த நிறம் வரும் வரை பழையதை வெளியேற்றும் பிளீடிங்.

முன்பக்கம் கம்பெனி அளவிலேயே புது டிஸ்க், வேகமான ரோடு ஓட்டத்துக்கான பேட். முழு ரேஸ் பேட் தினசரி வண்டிக்கு ஆகாது. குளிர்ந்திருக்கும்போது முதல் சிக்னலில் பிடிக்காது. பேட் மாட்டியதும் 80-லிருந்து 30 வரை பத்து முறை, முழுக்க நிறுத்தாமல், பிறகு பத்து நிமிடம் மிதிக்காமல் ஓட்டி ஆறவிட வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

டயர், அலைன்மென்ட். ஸ்விஃப்ட்டின் விஎக்ஸ்ஐ வகைக்கு 165/80 ஆர்14, இசட்எக்ஸ்ஐ வகைக்கு 185/70 ஆர்14. நல்ல ரப்பர் அதிகம் கிடைப்பது 195/55 ஆர்15-ல். இசட்எக்ஸ்ஐ அளவைவிட விட்டம் 3 சதவீதம் குறைவு. தரை இடைவெளி ஏறத்தாழ 1 செ.மீ. இறங்கும், ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், கியர் சற்று சுருங்கியது போல் எடுப்பு கூடும். ரிம் 4x100 (நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டத்தில்), நடு ஓட்டை 54.1 மி.மீ. ஓட்டை பெரிதாக உள்ள ரிம் என்றால் ஹப் ரிங் போட வேண்டும்.

கேம்பர் போல்ட் வைத்து முன்னால் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை சாயும் கோணம்) மைனஸ் 1.5 டிகிரி, டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூஜ்யம். டயரின் உள்விளிம்பை வேகமாகத் தின்பது பெரும்பாலும் தவறான டோ, கேம்பரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது மட்டும் கூடவே கூடாது: ஸ்விஃப்ட்டின் ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டில் உட்கார்ந்துவிட்டால் வளைவின் நடுவில் முன்பக்கப் பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும்.

அக்டோபர் 25, சனி

வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டமான ரோல் கேஜ் இந்த வண்டிக்கு இல்லை. ஹெல்மெட் இல்லாமல் ஆபீஸ் போகும் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருந்தால் சின்ன விபத்தும் உயிரை வாங்கும். கேஜ் வேண்டும் என்றால் அது டிராக்குக்கு மட்டுமான வண்டி, டிரெய்லரில் போக வேண்டும். கம்பெனி மூன்று முனை பெல்ட், கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்ஏ தர ஹெல்மெட் போதும். பைக் ஹெல்மெட்டில் தீ தாங்கும் உள்துணி இருக்காது. உலோகப் பட்டையில் போல்ட் போட்டுப் பிடித்த தீயணைப்பான் ஒன்று.

நவம்பர் 9, ஞாயிறு

டிராக்கில். மிதியடி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டிக்கிச் சாமான் எல்லாம் வெளியே. ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை, தாண்டக் கூடாது. வீல் நட் 85 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி டார்க் ரெஞ்ச்.

டயர் குளிரில் முன்னால் 31, பின்னால் 30 பிஎஸ்ஐ. சில லாப் ஓடி வந்ததும் முன்னால் 38, பின்னால் 34. முன்பக்கத்தை 36-க்கு இறக்கியதும் வளைவில் திரும்பாமல் வண்டி நேராகத் தள்ளுவது குறைந்தது. கடைசி லாப்பை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்து, பிட்டில் பெடலை மிதித்தபடி நிற்காமல், ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு வீலுக்குக் கல் வைக்க வேண்டும். சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் அதன் படிவு டிஸ்க்கில் ஒட்டி, திங்கட்கிழமை ஸ்டியரிங் அதிரும்.

கிளம்பும் முன் பேட் கனம், டயர் ஓரம், ஃப்ளூயிட் மட்டம், மேல் ஹோஸ் கிளாம்ப். சூட்டில் காற்று இறக்கிய டயர் மறுநாள் காலை 29 பக்கம் நிற்கும், ஆகவே ஆபீஸ் போகும் வழியில் முதல் பெட்ரோல் பங்கில் நான்கையும் சரிசெய்ய வேண்டும்.