வெந்தயக் கூழும் நண்டு வீடும்

புதுச்சேரிக் கடை ஒன்றில் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைகளைப் பார்த்ததிலிருந்து பாப்பாவுக்கு அதே நினைப்பு. அவளுக்கு 5 வயது. புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. அந்த வழவழப்பு வீட்டு மிக்ஸியில் வராது. ஆனால் காகிதக் கூழ் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆயா பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, முறம் மெழுகுவார். அந்தப் பக்குவத்தையே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் தொடங்கினோம். நாளிதழ் 6 தாள். கிழிக்கிற வேலை பாப்பாவுடையது, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கிழித்தாள். 2 இரவு ஊறிய காகிதத்தைத் தண்ணீர் தாராளமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும், இல்லையென்றால் மிக்ஸி சூடாகி நின்றுவிடும். துணியில் பிழிந்து, ஊறவைத்து அரைத்த 2 ஸ்பூன் வெந்தயத்தைப் பிசைந்தால் போதும், வேறு பசை தேவையில்லை.

அப்புறம்தான் தப்பு செய்தேன். "இப்படித்தான் மீன் செய்யணும்" என்று ஒன்று செய்து காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், தன் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். "நீயே செய்ம்மா" என்று தள்ளி வைத்துவிட்டாள். என் மீனும் தங்கவில்லை. கடலூர் மழைக்காலத்து ஈரத்தில் மேல்பக்கம் காய்ந்தது, தடிமனான நடுப்பகுதி காயவில்லை. ஐந்தாம் நாள் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

தை பிறந்து வெயில் வந்ததும் மறுபடி. இந்த முறை எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, அதன்மேல் தோசை கனத்துக்குத்தான் கூழ். எனக்கும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா பிசைந்துகொண்டிருந்தேன், எதுவும் செய்து காட்டவில்லை. அவள் கிண்ணத்தின் மேல் விரலால் இரண்டு ஓட்டை போட்டாள். "கண்ணா?" என்று கேட்க வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "இதைப் பத்திச் சொல்லேன்" என்றேன்.

"இது வீடு. கெடிலத்துல தண்ணி வந்தப்போ மிதந்து வந்துடுச்சு. உள்ள ஒரு குட்டி நண்டு இருக்கு. இது ஜன்னல். அதுக்கு அவங்க அம்மா எங்கன்னு தெரியல, அதான் ரெண்டு ஜன்னல்லயும் மாறி மாறிப் பாக்குது."

ஓட்டைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கேட்டால், சின்னது ராத்திரியில் பார்க்கிறதாம். "கண்ணா?" என்று கேட்டிருந்தால் அவள் "ஆமா" என்றிருப்பாள், நண்டு வந்திருக்காது. அன்று ராத்திரி வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3 நாள் மாடி வெயிலில் வைத்ததும் கிண்ணத்திலிருந்து சுலபமாகக் கழன்று வந்தது. நிறத்துக்கு மூன்று பார்த்தோம். மஞ்சள் தூள் வெயிலில் வெளுத்தது, பீட்ரூட் சாறு பழுப்பாகிவிட்டது. கேப்பர் மலைச் செம்மண்ணைச் சலித்துக் கஞ்சித் தண்ணீரில் கரைத்துப் பூசியது மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது மிச்சக் கூழில் அம்மா நண்டு தயாராகிறது. அதற்குக் கால் எட்டா பத்தா என்று பாப்பாவுக்கும் என் மாமியாருக்கும் இரண்டு நாளாக வழக்கு. நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் எண்ணப் போகிறோம்.