டைல்ஸ் உடையாமல் தப்பிய குளியலறை

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்த மோட்டாரைச் சித்திரை பிறந்ததும் தினமும் போட வேண்டியதாயிற்று. வீட்டில் இருப்பது நானும் மனைவியும் மட்டுமே. மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இரண்டு பேர் புழங்கும் வீட்டில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரே நாளில் எங்கே போகிறது என்று புரியவில்லை. வெயில் காலமாதலால் செலவு கூடியிருக்கும் என்று முதல் பத்து நாள்கள் எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். கீழ்த்தளக் குளியலறையின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் படர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

தெருவில் பலருக்கும் வேலை செய்யும் பிளம்பர் ஒருவரை அழைத்தேன். அவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே போய்ச் சுவரை இரண்டு இடங்களில் தட்டினார், ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கன்சீல்டு லைன்ல லீக் சார். ரெண்டு சுவத்தையும் உடைச்சாத்தான் தெரியும்." கூலி, பைப்பு, புது டைல்ஸ், மேஸ்திரி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார். வந்து பார்த்ததற்கு முந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டார். வீடு கட்டிப் பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்த டைல்ஸ் வகை இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு சுவர் உடைத்தால் நான்கு சுவருக்கும் புது டைல்ஸ் ஒட்ட வேண்டி வரும். அவர் ஒரு குழாயைக்கூடத் திறந்து மூடிப் பார்க்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

திருச்சிக்குக் கிழக்கே எங்கள் பகுதியில் எல்லோருக்கும் போர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரின் உப்பு குழாயின் வாயிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகக் கட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அது என்ன செய்கிறது என்பதை அடுத்த இரண்டு வாரங்களில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் வேலையாக எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்தேன். இரவு பத்து மணிக்குத் தொட்டிக்குள் ஒரு மூங்கில் குச்சியை நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நடுவில் யாரும் எந்தக் குழாயையும் திறப்பதில்லை, தேவையென்றால் வாளித் தண்ணீர் என்று ஏற்பாடு செய்து, காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தபோது இருபத்தொரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. என் தொட்டியின் உள் விட்டம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். அந்த அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் ஒன்பதரை லிட்டர். எட்டு மணி நேரத்தில் இருநூறு லிட்டர், ஒரு நாளைக்கு அறுநூறு. இவ்வளவு தண்ணீர் சுவருக்குள் போனால் முழங்கால் உயர ஈரத்தோடு நிற்காது, சுவரே ஊறி உப்பியிருக்கும் என்று தோன்றியது. அந்த ஒரு கணக்குதான் சம்மட்டியைத் தள்ளிவைக்க எனக்குத் துணிவைத் தந்தது.

மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து மூன்று லைன்கள் பிரிகின்றன: சமையலறைக்கு ஒன்று, கீழ்த்தளக் குளியலறைக்கு ஒன்று, மாடிக் குளியலறைக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனியே பித்தளை கேட் வால்வு. இரண்டாம் இரவு மூன்றையும் இறுக்கி மூடிவிட்டு அளந்தேன். அப்போதும் பதினேழு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. வால்வுகள் மூடியிருக்கும்போதே தண்ணீர் போகிறதென்றால் தொட்டிதான் விரிசல் விட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, புதுத் தொட்டியின் விலையைக்கூட விசாரித்துவிட்டேன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டியின் அடியில் குனிந்து பார்த்தால், அங்கே பழைய தூசியும் காய்ந்த வேப்பிலையும் உலர்ந்து கிடந்தன.

கோளாறு கேட் வால்விலேயே இருந்தது. அதற்குள் ஒரு பித்தளைத் தகடு இறங்கி வந்து வழியை மறிக்கிறது. தகடு அமரவேண்டிய பள்ளத்தில் உப்பு நிறைந்துவிட்டால், கைப்பிடி அதற்கு மேல் திரும்பாமல் நின்றாலும் அடியில் இடைவெளி இருக்கத்தான் செய்யும். வால்வை மூடிவிட்டு அதே லைனில் ஒரு குழாயைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் அப்படிப் பார்த்தபோது சமையலறைக் குழாயில் பென்சில் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று ஸ்பேனரைப் போட்டேன். கீழ்க் குளியலறை வால்வின் கைப்பிடி தண்டோடு முறிந்து கையில் வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் தொடாத கேட் வால்வில் யாரும் இந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

ஆக, கசிவைத் தேடப் போனவன் முதலில் மூன்று வால்வுகளையும் மாற்ற வேண்டியவனானேன். கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடுவதென்று முடிவுசெய்து கடைக்குப் போனேன். "ஒரு இஞ்ச் பால் வால்வு மூணு" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் என்ன பைப்பு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொருத்தினால் வால்வின் வாய்க்குள் பைப்பு நுழையவே இல்லை. அவன் கொடுத்தது சந்தன நிறத்தில் இருக்கும் சி.பி.வி.சி. வால்வு; என் மாடியில் இருப்பது வெள்ளை நிற யு.பி.வி.சி. பைப்பு. இரண்டும் வேறு வேறு வகைப் பிளாஸ்டிக். இரண்டிலும் ஒரு இஞ்ச் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சி.பி.வி.சி.யின் வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர், யு.பி.வி.சி.யின் வெளி விட்டம் 33.4 மில்லிமீட்டர். திரும்பக் கொண்டுபோனபோது, "பைப்பு என்னன்னு நீங்கதானே சார் சொல்லணும்" என்று என்னையே குற்றவாளியாக்கினான். மாற்றிக் கொடுத்தான் என்பதால் பேசாமல் வந்துவிட்டேன். பைப்பில் அரையடித் துண்டை அறுத்துக் கையில் எடுத்துப் போயிருந்தால் அந்த ஒரு மதியம் மிஞ்சியிருக்கும். ஒட்டும் பசையும் இரண்டுக்கும் வேறு வேறு. சி.பி.வி.சி. பசை பெரும்பாலும் மஞ்சளாகவும் யு.பி.வி.சி. பசை நிறமற்றும் இருக்கும். கடைக்காரர் எடுத்துக்கொடுப்பதை டப்பாவில் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

வால்வை அறுத்து எடுப்பதில் இன்னொரு தொல்லை, தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீர். தொட்டி காலியாகிவிட்டது என்று நினைத்துப் பைப்பை அறுத்த பிறகும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. துடைத்துவிட்டு அவசரமாக ஒட்டிய முதல் இணைப்பு, மறுநாள் தண்ணீர் விட்டதும் ஓரத்தில் முத்து முத்தாக வியர்த்தது. ஈரப் பைப்பில் பசை பிடிக்காது. மறுபடி அறுத்தேன். இம்முறை தொட்டிக்குள் கையை விட்டு, வெளியேறும் வாயில் பழைய வேட்டித் துணியைத் திணித்து, அந்தத் துணியில் ஒரு கயிறு கட்டி அதன் மறுமுனையைத் தொட்டி மூடியின் கைப்பிடியில் முடிந்து வைத்தேன். கயிறு கட்டாமல் துணியை அடைத்தால், தண்ணீர் விட்டதும் அது பைப்புக்குள் போய்விடும். அப்புறம் அதை எடுக்க வேறு யாரையாவது கூப்பிட வேண்டியதுதான். பைப்பு உலர்ந்த பிறகு ஒட்டி, டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, அடுத்த நாள் காலையில்தான் தண்ணீர் திறந்தேன். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு யூனியன் போட்டுவிட்டேன். இனி வால்வு கெட்டால் அறுக்க வேண்டியதில்லை, யூனியனைத் திருகிக் கழற்றிவிடலாம். வீடு கட்டும்போதே இதைப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு மிகச் சொற்பம்.

அதன் பிறகு வேலை எளிதாயிற்று. மூன்று வால்வையும் மூடிய இரவில் மட்டம் அசையவில்லை. சமையலறையை மட்டும் திறந்த இரவும் அப்படியே. கீழ்க் குளியலறையைத் திறந்துவைத்துவிட்டு நான் சரியாகத் தூங்கவில்லை; இருபத்திரண்டாயிரம் அந்த லைனில்தான் இருந்தது. காலையில் குச்சியில் இருந்த குறியை விட்டுத் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கியிருக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப செவுத்தை உடைக்க வேணாமாங்க?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். மாடி லைனைத் திறந்த இரவில் மறுபடி இருபத்தொன்று இறங்கியது.

மாடிக் குளியலறை மகனுடையது. பொங்கலுக்கு அவன் வந்துபோன பிறகு வாரம் ஒருமுறை கழுவுவதற்கு மட்டும் அதைத் திறப்போம். குழாய்களில் சொட்டு இல்லை, தரை உலர்ந்திருந்தது. ஆனால் கழிப்பறைக் கோப்பையின் பின்புறம், மேலிருந்து கீழாக, இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெளிர் பழுப்புக் கோடு இருந்தது. மாதக்கணக்கில் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகாத கறை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த கோடு அது. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டு விட்டேன். ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருக்கலாம் என்று பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கறைக்கோட்டின் மேலேயே மெல்லிய நீலப் படலம் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரத் தூக்கமும் மூன்று வால்வுச் செலவும் மிச்சமாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தொட்டி குறைகிறது என்று யார் சொன்னாலும் பிளம்பர் முதலில் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான்.

நீலம் இறங்குகிறது என்றால் கோளாறு இரண்டில் ஒன்று. டேங்கின் அடியில் இருக்கும் ஃப்ளஷ் வால்வின் வாஷர் சரியாக அமரவில்லை. அல்லது தண்ணீர் நிரப்பும் மிதவை மூடாமல், மட்டம் ஏறி நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய் வழியாகக் கோப்பைக்குள் போகிறது. இதைப் பிரித்தறிய, டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற குழாயை மூடிவிட்டு, டேங்குக்குள் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து ஒரு மணி நேரம் விட வேண்டும். மட்டம் குறிக்குக் கீழே போனால் வாஷர், போகாவிட்டால் மிதவை. எனக்குக் குறிக்கு வெகு கீழே இறங்கியிருந்தது.

முதல் கடையில் வாஷர் மட்டும் வராது, செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அறுநூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய செட் என் டேங்கைவிட ஒரு இஞ்ச் உயரம். மூடி மூடவில்லை. உறையைக் கிழித்துவிட்டதால் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த செட்டைப் போடுவதானால் டேங்கையே சுவரிலிருந்து இறக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பழைய வால்வின் மேற்பகுதியைக் கால் திருப்புத் திருப்பினாலே கையோடு வந்துவிடுகிறது. அதன் அடியில் இருக்கும் வாஷரை நகத்தால் கழற்றி, ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, காந்தி மார்க்கெட் பக்கம் உதிரிப் பாகம் மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பிஸ்கட் டப்பா நிறைய இருந்த வாஷர்களில் நான்கைந்தை என்னுடையதன்மேல் வைத்துப் பார்த்து, ஐந்தாவதைக் கொடுத்தார். நாற்பது ரூபாய். கூடவே, "தம்பி, வாஷரை மட்டும் மாத்தினா ஒரு மாசந்தான். அது உக்கார்ற விளிம்புல விரலை ஓட்டிப் பாருங்க" என்றார்.

விரலை ஓட்டியபோது விளிம்பு முழுவதும் மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டத்தான் கை போயிற்று. ஆனால் அது பிளாஸ்டிக் விளிம்பு. கீறல் விழுந்தால் எந்த வாஷரும் அதன்பின் அடைக்காது. வினிகரில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றி வைத்து ஒரு மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். உப்பு சுண்ணாம்புக் கூழ்போலக் கரைந்து வந்தது. வாஷரை மாட்டி, வால்வைத் திருகி, ஆங்கிள் காக்கைத் திறந்தேன். கனெக்‌ஷன் ஹோஸின் நட்டில் மட்டும் லேசாக நீர் கசிந்தது. கழற்றி மாட்டியபோது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கோணலாகிவிட்டிருந்தது. அதற்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை. வளையத்தை நேராக வைத்துக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தால் போதும்.

அன்றிரவு எல்லா வால்வுகளையும் திறந்துவைத்து அளந்தேன். காலையில் தண்ணீர் குறியிலேயே நின்றது. மோட்டார் மறுபடி ஒரு நாள் விட்டு ஒரு நாளாகிவிட்டது.

வெளிச்சுவர் ஈரத்துக்கும் காரணம் கிடைத்தது. படுக்கையறை ஏசியின் தண்ணீர்க் குழாய் கிளிப்பிலிருந்து நழுவி சன்ஷேடில் கிடந்தது. அதன் தண்ணீர் சுவரோடு வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. குழாயைப் பழையபடி மாட்டிய பத்தாம் நாள் சுவர் காய்ந்துவிட்டது. பொருந்தாத அந்த அறுநூற்றைம்பது ரூபாய் செட் பரணில் இருக்கிறது. போன வாரம் பிளம்பர் போன் செய்து, "மேஸ்திரி இந்த வாரம் ஃப்ரீயா இருக்காரு சார், எப்ப உடைக்க வரட்டும்?" என்று கேட்டார்.