சூப்பர் கம்ப்யூட்டரில் கல்லைச் சுட்ட கதை

பரம் என்ற நம்மூர் சூப்பர் கம்ப்யூட்டர் வரிசை மெஷினில் அக்கவுண்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் உங்கள் காலேஜில் பிரின்சிபால் சீல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாலு மாசம் போனது அங்கேதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தாத்தா காலத்தில் பாறை மேல் நெருப்பு மூட்டிக் கல் எடுப்பார்கள். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் ஆல்பா என்ற படிக வடிவிலிருந்து பீட்டா என்ற வடிவுக்கு மாறும், அந்த இடத்தில் பருமன் சட்டென்று கூடும், சூட்டில் கல் விரிசல் விட அதுவும் ஒரு காரணம். அதை அணு அளவில் பார்ப்பதுதான் என் பிஎச்டி. அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் சாஃப்ட்வேர் இலவசம், ஸ்கிரிப்ட் எழுதியாயிற்று. 9,000 அணு, ஒரு ஸ்டெப் ஒரு ஃபெம்டோசெகண்ட், அதாவது ஒரு நானோசெகண்ட் ஓட்ட 10 லட்சம் ஸ்டெப். ஒரு வெப்பநிலைக்கே என் லேப்டாப் இரண்டு நாள் முனகியது, எனக்கு வேண்டியதோ இருபது.

ஃபார்மை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனால், "சூப்பர் கம்ப்யூட்டர் எதுக்கு தம்பி, நம்ம லேப்லயே நாற்பது சிஸ்டம் சும்மா கெடக்கே" என்றார் அங்கிருந்தவர். விளக்கிச் சொன்னேன், சிரித்தார், ஹெச்ஓடி சீலை வைத்துக் கொடுத்துவிட்டார். நேரில் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி சூப்பர் கம்ப்யூட்டர் சென்டருக்கே ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். அங்கே ஃபார்மைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஹெச்ஓடி சீல் போதாது, நிறுவனத் தலைவர், அதாவது பிரின்சிபால் சீல் வேணும் சார். ஸ்கேன் பண்ணி மெயில் போட்டாலே போதுமே, எதுக்கு இவ்வளவு தூரம்?" ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அக்கவுண்ட் வந்த பிறகு இன்னொன்று. காலேஜ் ஐபி முகவரியிலிருந்துதான் உள்ளே விடும். காவேரிப்பட்டணத்தில் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டு தப்போ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து நுழைய அனுமதி வேண்டுமென்றால் ஃபார்ம் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

முதல் ஜாப் க்யூவில் மூன்று நாள் நின்று ஓடி முடிந்தது. குவார்ட்ஸ் அசையவே இல்லை, ஆல்பா ஆல்பாவாகவே இருக்கிறது. பொட்டென்ஷியலை, அதாவது அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும் தள்ளும் என்று சொல்லும் சூத்திரத்தைச் சந்தேகப்பட்டேன், கைடைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஸ்கிரிப்டில் 573 என்றே போட்டிருக்கிறேன். லாம்ப்ஸுக்கு நான் கொடுத்திருந்த யூனிட்டில் வெப்பநிலை கெல்வின்! நான் சுட்டது வெறும் 300 டிகிரிக்கு. போட வேண்டியது 846. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

இரண்டாவது ஜாப் முக்கால்வாசியில் டைம் லிமிட் தாண்டிச் செத்தது. விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் ஃபைல் எழுதச் சொல்ல மறந்திருந்தேன், அதனால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு லட்சம் ஸ்டெப்புக்கு ஒன்று என்று எழுத வையுங்கள். அவசரத்துக்கு லாகின் நோடில், அதாவது எல்லோரும் உள்ளே நுழையும் பொது மெஷினில் ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், பத்தே நிமிஷத்தில் அட்மின் மெயில் வரும் (வந்தது).

மூன்றாவது முறை, வெப்பநிலைக்கு எதிராகப் பருமனைப் போட்ட கிராஃபில் கோடு வளைந்தது. சரியாக 846-இல் இல்லை, பொட்டென்ஷியலைப் பொறுத்து முன்னே பின்னேதான் வரும், ஆனால் வளைந்தது. லேபில் தனியாக எழுந்து நின்றுவிட்டேன்.

அக்கவுண்ட் மார்ச்சோடு முடிகிறது, புதுப்பிக்க அதே ஃபார்ம். மூன்று காப்பியில் இப்போதே சீல் வாங்கி வைத்துவிட்டேன்.